நெப்டியூன் வரைக்கும் நியூட்ரலில்

யுவஸ்ரீயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களுக்கெல்லாம் ஒரு விஷயம் தெரியும். அந்த பெஞ்சு ஆடும். அவளுடைய வலது கால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஆக்சிலேட்டர் ஒன்று அங்கே இருப்பதுபோல மிதித்துக்கொண்டே இருப்பாள். சோற்றை நின்றுகொண்டு தின்பாள். போன் வந்தால் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். காலேஜ் பஸ் சங்ககிரிக்குள் நுழைவதற்கு வெகு முன்பே எழுந்து படிக்கட்டில் போய் நின்று, டிரைவரிடம் தினமும் திட்டு வாங்குவாள்.

நான் ரூபன், சேலம் டவுன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் அம்மா ஜெபமலர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட நான் அப்படிப்பட்ட யுவஸ்ரீயோடு ஒரு வருஷம் ஒரே புராஜெக்டில் கிடந்தேன். இழுத்துவிட்டது யார் என்று கேட்டால் யாரையும் சொல்ல முடியாது. நானேதான் போய் விழுந்தேன்.

கடைசி வருஷப் புராஜெக்டுக்கு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வருகைப்பதிவு ஆப் செய்தார்கள். மீதிப் பேர் போன வருஷத்து வருகைப்பதிவு ஆப்பைப் பெயர் மாற்றினார்கள். யுவஸ்ரீ மட்டும் எழுந்து நின்று, நெப்டியூனுக்கு ஒரு விண்கலம் போகிற பாதையைக் கணக்குப் போடப் போவதாகச் சொன்னாள். மாணவர்களுக்கென்று அகில இந்திய அளவில் அப்படி ஒரு போட்டி அந்த வருஷம் அறிவித்திருந்தார்கள். பூமியிலிருந்து கிளம்ப வேண்டும், பதினைந்து வருஷத்துக்குள் நெப்டியூனைச் சேர வேண்டும், யார் போடும் பாதையில் எரிபொருள் குறைவாகச் செலவாகிறதோ அவர்களுக்கு முதல் இடம். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பறக்கப் போவது எதுவுமில்லை. எங்கள் சார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதற்கு லேப்பில் தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றதும் கையெழுத்துப் போட்டார்.

மூன்று பேர் சேர்ந்தோம். கிரகங்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்கிற பகுதி என்னுடையது. குமாரபாளையத்துத் தறிக்கார வீட்டுப் பிள்ளை யோகேஷ் படங்களும் அறிக்கையும் பார்த்துக்கொண்டான். கலத்தின் இன்ஜின் எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்கிற விதிகளையெல்லாம் எழுதியது யுவஸ்ரீ. அதுதான் புரோகிராமின் உயிர். அதை வேறு யாரும் தொட அவள் விடவில்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சங்ககிரியில் பிறந்தவள், லாரி ஊர்க்காரி, மைலேஜ் பேச்சைக் கேட்டே வளர்ந்திருப்பாள், அதனால் எரிபொருள் மிச்சம் என்றதும் காதைத் தீட்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய அப்பா மாதையன் முன்பு லாரி ஓட்டியவர் என்றும், இப்போது கால் சரியில்லாததால் வீட்டிலேயே தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிறார் என்றும் மட்டும் தெரியும். அவள் அப்பாவைப் பற்றிப் பேச மாட்டாள். நானும் கேட்டதில்லை. லாரி ஊரில் கால் சரியில்லாத டிரைவர் ஒன்றும் அதிசயமில்லை.

ஆனால் போட்டி அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் ஐந்து இடத்தில் வருகிறவர்களைப் பெங்களூரில் ஒரு விண்வெளிக் கம்பெனி பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். அது கிடைத்தால் அவள் போகலாம். கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்த கையோடு சங்ககிரியில் தாய்மாமனின் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார வேண்டும். வீட்டில் பேசி முடித்து, மாமன் மேஜைகூட வாங்கிப் போட்டுவிட்டார். புளியம்பட்டிக்கு ஒரு லோடு, ஹூப்ளிக்கு ஒரு லோடு என்று போனில் கத்திக்கொண்டு, அந்த மேஜைக்கு அடியில் ஆடுகிற காலோடு ஒரு ஆயுள் முழுக்க. நினைத்துப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டியது.

பாதை போடுவது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேராக நெப்டியூனுக்கு அடித்துக்கொண்டு போனால் எரிபொருள் கட்டுப்படியாகாது. அதனால் முதலில் வெள்ளியை ஒட்டிப் போய், திரும்பிப் பூமியை ஒட்டி வந்து, அப்புறம் வியாழனை ஒட்டிப் போக வேண்டும். ஒவ்வொரு கிரகமும் தன் பக்கம் இழுத்து, போகிற போக்கில் ஒரு தள்ளுத் தள்ளிவிடும். அந்தத் தள்ளு ஓசி. வியாழன் தள்ளுகிற தள்ளில் கலம் நெப்டியூன் வரைக்கும் போய்விடும். நாள் தவறாமல் ஒவ்வொரு கிரகத்துக்கும் போய்ச் சேருவதில்தான் மூளை வேலை இருக்கிறது.

எங்கள் கலம் போய்ச் சேர்ந்தது. முதல் தடவையே சேர்ந்தது. அன்றைக்கு யோகேஷ் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். பிறகு போட்டியின் இணையப் பக்கத்தில் எங்கள் கணக்கை ஏற்றிப் பார்த்தால், பட்டியலின் அடியில் கிடந்தோம். சேர்ந்துவிட்டோம், ஆனால் மற்றவர்களைப்போல ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு எரிபொருளைக் குடித்துவிட்டுச் சேர்ந்திருக்கிறோம்.

அன்றைக்குப் பிடித்த சனி வாரக்கணக்கில் விடவில்லை. சித்திரை வெயில். லேப்பில் இருந்த ஒரே ஏசியும் மண்டையைப் போட்டுவிட்டது. யுவஸ்ரீ புதுப் புதுப் பாதையாகப் போட்டாள். வெள்ளியை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள். வியாழனை விட்டுவிட்டு சனி வழியாகப் போனாள். கிளம்பும் வருஷத்தை மாற்றினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் குறையும், ஓர் இடம் மேலே ஏறுவோம், மறுநாள் காலையில் பார்த்தால் வேறு யாரோ தாண்டிப் போயிருப்பார்கள். பஸ்ஸில் பார்ப்பாள், சாப்பிடும்போது பார்ப்பாள், பார்த்த பக்கத்தையே மறுபடி மறுபடி பார்ப்பாள். நான் என்னுடைய கிரகக் கணக்கில்தான் பிழை என்று முடிவு கட்டி, மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதே விடைதான் வந்தது. யோகேஷ் மேல் ஒரு நாள் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். படம் வரைகிறவனால் எரிபொருள் எப்படிக் கூடும் என்று அவன் பாவமாகக் கேட்டான்.

எங்கள் கலம் போகிற பாதையைப் படமாகப் போட்டால் இன்ஜின் எரிகிற இடங்கள் சிவப்பாகத் தெரியும். வியாழனுக்கு அப்பால், ஒன்றுமே இல்லாத அத்தனை தூரத்துக்கும், எங்கள் கோட்டில் குட்டிக் குட்டியாகச் சிவப்பு இருந்தது. அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பாதையைச் சரிபார்க்கிற சின்னத் திருத்தங்கள், எல்லாக் கலங்களும் செய்வதுதான் என்று நினைத்து விட்டுவிட்டேன். கடைசி நாள் காலையில்தான் அந்தச் சிவப்புகளைக் கூட்டிப் பார்த்தேன். மற்றவர்களைவிட நாங்கள் அதிகமாகக் குடித்த எரிபொருள் அத்தனையும் அங்கேதான் இருந்தது. மாலை ஆறு மணியோடு போட்டி முடிகிறது.

அவளுடைய விதிகளைத் திறந்தேன். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை, முதல் பக்கத்திலேயே இருந்தது. இன்ஜின் ஆறு மாதத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் அணைந்திருக்கக் கூடாது. எரிந்தால் பேருக்கு எரிந்து அணையாமல், குறைந்தது இத்தனை மணி நேரம் எரிய வேண்டும். போட்டியில் இப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. வியாழனைத் தாண்டிய கலத்துக்கு இன்ஜினே தேவையில்லை. எட்டு வருஷமானாலும் அது பாட்டுக்குப் போகும். முதல் வருஷத்துப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிழை கிடைத்ததில் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, அது பிழை இல்லை என்றாள்.

"பின்ன என்ன?"

"எட்டு வருசம் நியூட்ரல்ல உடச் சொல்றியா? நா உட மாட்டேன். இன்ஜின் கைல இருக்கோணும்."

நியூட்ரல் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது லாரி இல்லை, அங்கே கியரும் இல்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். லேப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கால் அப்போது ஆடவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"கியர்ல வெச்சே மிச்சம் புடிக்க முடியும். அத காட்டறதுக்குத்தான் இந்தப் போட்டிக்கே வந்தேன். உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டவுன் பஸ் பிடித்து ஊருக்கே போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. கணக்கை ஏற்றுவதற்கான ரகசிய எண் அவளுடைய போனுக்குத்தான் வரும். போன் அணைந்திருந்தது.

யோகேஷிடம் பைக் கேட்டேன். சாவியைக் கொடுக்காமல் ஸ்டாண்டில் வைத்து என்னை நிறுத்தி, உனக்கு நிஜமாகவே தெரியாதா என்று கேட்டான். அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த கதையாம். மாதையன் ஒரு காலத்தில் சங்ககிரியிலேயே பேர் வாங்கிய டிரைவர். அவர் கையில் கொடுத்தால் எந்த வண்டியும் மைலேஜ் தரும் என்று ஓனர்கள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடுவார்கள். இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை அதன் பாட்டுக்கு உருள விடுவது அவர் பழக்கம். டீசல் மிச்சமாகும். நிறையப் பேர் செய்வதுதான், போலீஸ் எத்தனை போர்டு வைத்தும் விடாத பழக்கம். பெங்களூரிலிருந்து முழு லோடோடு வரும்போது தொப்பூர் கணவாயிலும் அப்படித்தான் விட்டிருக்கிறார். பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கியரில் இருந்தால் இன்ஜினாவது வண்டியை இழுத்துப் பிடித்திருக்கும், நியூட்ரலில் அந்தப் பிடியும் இல்லை. முன்னால் பைக்கில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். இவருக்குக் கால் போயிற்று, லைசென்ஸ் போயிற்று, ஜெயிலுக்கும் போய் வந்தார். யுவஸ்ரீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாளாம்.

சொல்லி முடித்துவிட்டு யோகேஷ் சாவியைக் கொடுத்தான். சங்ககிரி போகிற வரைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம். நியூட்ரலுக்குச் சிரித்தவன் அல்லவா. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அவள் மேல் இருந்த ஆத்திரமும் குறையவில்லை. தொப்பூரில் நடந்ததற்கு நெப்டியூனில் பரிகாரம் செய்தால் யாருக்கு என்ன லாபம், மாமன் ஆபீஸ் மேஜைதானே மிஞ்சும் என்று ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொண்டே போனேன். எதிரில் வந்த லாரி ஒவ்வொன்றையும் பார்க்கப் பயமாக இருந்தது.

கோட்டை மலைக்குக் கீழே ஒரு சந்தில் அவர்கள் வீடு. முன்னால் தகரக் கொட்டகை. தரை முழுக்கத் தார்ப்பாய் விரித்து, அதன் நடுவில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து மாதையன் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். யுவஸ்ரீ கொட்டகை ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய அம்மா முத்தாயம்மாள் என்னை யாரென்று விசாரித்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தார். வந்ததிலிருந்து புள்ள ஒரு வாய் சாப்பிடவில்லை, காலேஜில் ஏதாவது சண்டையா என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மணி நாலு தாண்டியிருந்தது. கேட்கிறவர்களிடம் பொய் சொல்லவும் வரவில்லை. விண்கலத்தை இன்ஜின் இல்லாமல் விட்டால் போட்டியில் ஜெயிக்கலாம், பெங்களூர் போகலாம், இவள் விட மாட்டேன் என்கிறாள் என்றேன். ஏன் என்று முத்தாயம்மாள் கேட்டார். நான் யுவஸ்ரீயைப் பார்த்தேன். சொல்லாதே என்று அவள் கண்ணாலேயே சொன்னாள்.

தைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "நியூட்ரல்லயா?"

அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக யாரும் எடுக்காத வார்த்தை அது என்பது முத்தாயம்மாளின் முகத்திலேயே தெரிந்தது. அவர் என் கையிலிருந்த மோர் டம்ளரை, நான் குடித்து முடிக்கும் முன்பே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேறு வழியில்லாமல் நான் லேப்டாப்பைத் திறந்து தார்ப்பாய் மேல் வைத்தேன். இது சூரியன், இது வியாழன், இந்த இடத்தில் கலத்துக்கு ஒரு தள்ளுக் கிடைக்கிறது, இதற்கு அப்பால் நெப்டியூன் வரைக்கும் இன்ஜினே வேண்டாம் என்று காட்டினேன். அவர் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி நிறுத்திவிட்டுப் பார்த்தார். சிவப்பெல்லாம் என்ன என்று கேட்டார். உங்கள் மகள் இன்ஜினைப் போடுகிற இடம், கியரில் வைத்தே எரிபொருளை மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டும் என்கிறாள் என்றேன். என் வாய் அப்படி.

யுவஸ்ரீ நடப்பதை நிறுத்திவிட்டாள். அவர் அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"முடியும் சாமி. கியர்லயே வந்திருக்கலாம். கொஞ்சம் டீசல் சேத்திப் போயிருக்கும். அவ்வளவுதான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற அப்பாவின் வாயிலிருந்து இந்த ஒரு பேச்சு வர வேண்டுமென்று எத்தனை வருஷம் காத்திருந்தாளோ. ஊரே வந்து பிரேக்கைக் குறை சொல்லி அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறது, ரோட்டைக் குறை சொல்லியிருக்கிறது. எனக்கு அங்கே உட்காரவே கூசியது. எழுந்து போய்விடலாம் என்றால் லேப்டாப் அவர் மடிக்கு அருகில் இருந்தது.

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். வேகம் ஏறிக்கொண்டே போகுமா என்று என்னிடம் கேட்டார். இல்லைங்க, சூரியன் பின்னாலிருந்து இழுப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடும் என்றேன். வியாழனுக்கும் நெப்டியூனுக்கும் நடுவில் இருந்த அந்த வெற்று இடத்தில், ஊசி பிடித்துக் காய்த்துப் போன விரலை வைத்தார். திரையில் படாமல், ஒரு நூல் உயரத்தில்.

"அங்க முன்னால ஆராச்சும் போறாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, யுவஸ்ரீ முந்திக்கொண்டாள்.

"இல்லீங்ப்பா. ஒருத்தருமில்ல."

"நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டனுங்ப்பா. எத்தன வருசம் போனாலும் ஒருத்தருமில்ல."

"அப்ப உடு சாமி."

அவள் அப்பாவுக்கு எதிரே தார்ப்பாயில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்ஜின் அணைந்திருக்கக் கூடாது என்ற அந்த இரண்டு விதிகளையும் அழித்தாள். ஓட விட்டாள். கம்ப்யூட்டர் யோசிக்கிற நேரத்தில் எப்போதும் எழுந்து நடக்கிறவள் அன்றைக்கு நடக்கவில்லை. முழங்காலில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், காலை விட்டால் ஓடிவிடும் என்பதுபோல. முத்தாயம்மாள் உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்குள் கணக்கை ஏற்றிவிட்டோம், எங்களுக்கு நான்காவது இடம் வந்தது. யோகேஷ் அப்பாவின் தறிகளைப் பார்க்க வேண்டும் என்று பெங்களூர் போகவில்லை. நான் போய், அங்கே ஒருவரோடு சண்டை போட்டுத் திரும்பி வந்துவிட்டேன். யுவஸ்ரீ அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கு நின்றுகொண்டு வேலை பார்க்கிற மேஜை ஒன்று கொடுத்திருக்கிறார்களாம். மாமன் வாங்கிப் போட்ட மேஜையில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்து ஹூப்ளிக்கு லோடு போடுகிறாள். ஊருக்கு வர யுவஸ்ரீ தொப்பூர் வழியாகத்தான் இறங்கி வர வேண்டும். அந்த இறக்கம் முடிகிற வரைக்கும் பஸ் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு கியரையே பார்த்துக்கொண்டு வருவாளாம். அது மாறவில்லை, மாறவும் வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் விடை வந்தது. நீளமான வெள்ளைக் கோடு, வியாழனுக்கு அப்பால் ஒரு பொட்டுச் சிவப்புக் கிடையாது. கீழே எரிபொருளின் எடை. பழைய எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. எழுந்துவிட்டேன். மாதையனைப் பார்த்து, உங்களுக்குத் தெரியுமா, எவ்வளவு மிச்சம் என்று சொல்லட்டுமா என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"அது வேண்டாங்க தம்பி. போய்ச் சேந்துருச்சா, அத மட்டும் சொல்லுங்க."

நான் யுவஸ்ரீயைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேந்துருச்சுங்ப்பா," என்றாள். "ஆர் மேலயும் படாம போய்ச் சேந்துருச்சு."

அவர் தலையை ஆட்டிவிட்டு, தார்ப்பாயில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தார். கழன்றிருந்த நூலை இரண்டு தடவை கோக்கப் பார்த்தார், வரவில்லை. யுவஸ்ரீ அதை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.